ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

சங்கு ஊதியாகிவிட்டது, தேயிலைக் கொழுந்து லாரி கடைசி லோடை இறக்கிவிட்டுப் போயாகிவிட்டது, மழைக்கு இலை வரத்தில்லாததால் ராத்திரி ஷிப்டும் கிடையாது என்று எல்லாரும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஊடு போய்ச் சேர்ந்தாகிவிட்டது. ஆனாலும் ஜூடித்தின் திரையில் ஃபேக்டரிக்குள் ஒரு ஆள் பாக்கி இருந்தார்.

பச்சைக் கட்டத்தில் 'உள்ளே' என்றும், அதன் பக்கத்தில் ஒன்று என்றும் காட்டியது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். நடுவட்டத்துப் பனிமூட்டம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, சாயங்காலத்தையே இருட்டாக்கி வைத்திருந்தது. ஆபீஸ் ரூம் ஃபேக்டரியின் மாடியில், எடை போடும் கொட்டகைக்கு நேர் மேலே. கீழே மெஷின்கள் நின்றுவிட்டால் அந்தக் கட்டடத்துக்கென்று தனியாக ஒரு சத்தம் உண்டு. தகரக் கூரை குளிரில் சுருங்கும், குழாயில் எங்கேயோ தண்ணீர் சொட்டும், வாடிய இலை வாசனை படி ஏறி மேலே வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்தான். அன்றைக்கு அதில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்த மாதிரிப் பட்டது.

இன்டர்காமில் கேட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"ஆறுக்குட்டி சித்தப்பா, உள்ள யாராச்சும் நிக்கிறாங்களா?"

"யாரும் இல்லீங் அம்மிணி. இப்பத்தான் ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். டிரையர் ரூமும் பூட்டியாச்சு."

"மெஷின்ல ஒருத்தர் வெளிய போகலைன்னு காட்டுதுங்க."

"வெரல் வெக்க மறந்துட்டு ஓடியிருப்பானுங்க. இந்தக் குளுருக்கு எவன் நின்னு வெரல் வெப்பான்? நீங்க கெளம்புங்க. பனி எறங்கினா அப்பறம் ரோடு தெரியாது."

மறந்த புண்ணியவான் யார் என்று பார்க்க அவள் அந்த ஒன்றைத் தட்டினாள். பெயர் வந்தது. தேவநேசன்.

அவளுடைய அப்பா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே மாதிரி ஒரு மழைக்காலத்தில், ஃபேக்டரிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வழுக்கி விழுந்து செத்துப்போனவர். மறுநாள் கல்லுச் சந்திலிருந்து கம்பளியோடு சேர்த்துத்தான் அவரை எடுத்தார்கள்.

நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போட்டது. பிறகு அவளே சிரித்துக்கொண்டாள். பேய் பிசாசு எதுவும் இல்லை, எல்லாம் அவள் கைவேலை.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். பனிக்கொம்பை எஸ்டேட்டுக்கு ராஜசேகர் என்று ஒரு மேனேஜர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். வந்த மனுஷன் முதலில் பார்த்தது, ஒரே ஆளுக்கு இங்கே ஒன்பது இடத்தில் பதிவு இருப்பதைத்தான். காலையில் ஆளெண்ணிப் பேர் போடும் பெரட்டுக்கு ஒரு புத்தகம், கொழுந்து எடைக்கு ஒரு புத்தகம், டிஸ்பென்சரியில் ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக் கணக்கு ஹெட் கிளார்க்கின் அலமாரியில். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. காய்ச்சலில் படுத்தவன் அந்தக் காய்ச்சலோடேயே சீட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் நாலு ஜன்னலுக்கு அலைய வேண்டும். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் போட்டார். ஊட்டியில் பி.சி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த ஜூடித்துக்கு வேலை கிடைத்ததும் அதில்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை பிரமாதமாக நடந்தது. டிஸ்பென்சரியில் காய்ச்சல் என்று தட்டினால் இந்தப் பக்கம் பெரட்டில் லீவு தானாக விழுந்தது. தராசில் கூடையை வைத்ததும் எடை நேராக உள்ளே போய் உட்கார்ந்தது. நடுவில் யாரும் கையை வைக்க முடியாது. எந்த மருந்து தீரப்போகிறது, எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எவனுக்கு லீவு மிச்சம் என்று கேட்ட மாத்திரத்தில் சொன்னது. சாயங்காலம் ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்தியது. "ஒரு இடத்துல மாத்தினாப் போதும்மா, எல்லா இடத்துலயும் தானா மாறிடும்" என்று ராஜசேகர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஜூடித்துக்கும் பெருமைதான்.

ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. இந்த எஸ்டேட்டில் ஆளுக்கு இருக்கும் செக்ரோல் நம்பர், அதாவது சம்பளப் பட்டியல் நம்பர், அந்த ஆளோடு போவதில்லை. அப்பன் செத்தால் மகனுக்கு, தாய் ஓய்ந்தால் மகளுக்கு. வேலை, லைன் வீடு, நம்பர் மூன்றும் ஒரே பொட்டலமாகக் கை மாறும். புத்தகத்தில் அப்பன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்குக் கீழேயே மகன் பெயரை எழுதுவார்கள். காகிதம் ஒன்றும் கேட்காது. டேட்டாபேஸ் கேட்டது. ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் என்று அடம்பிடித்தது. இரண்டு பெயரையும் காட்டி, யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டது.

மற்ற வீடுகளுக்கெல்லாம் ஜூடித் ஒழுங்காகத்தான் செய்தாள். செத்தவரை எடுத்தாள், இருப்பவரை வைத்தாள். ஆனால் செத்தவர் பதிவை எடுத்தால் அதில் தொங்குகிற அத்தனையும் கூடவே போய்விடும்: வீடு, குடும்பத்துக்கான மருத்துவ அட்டை, எல்லாம். மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்ற வேண்டும். அப்பன் நம்பரில் வேலைக்கு வந்த கணேசன் மேஸ்திரி குடும்பத்துக்கு அப்படி ஏற்றுவதற்குள், 'வீடு ஒதுக்கப்படவில்லை' என்று ஒரு நோட்டீஸ் தானாக அச்சாகி, அவர் சம்சாரம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று அழுதது.

தன் வீட்டு முறை வந்தபோது அவளுக்கு அதுதான் கண்ணில் நின்றது. அப்பாவின் நம்பர் இப்போது தம்பி ஜெர்சனுக்கு. இலை உருட்டும் ரோலர் மெஷினில் வேலை. அவன் வேலையை நம்பித்தான் அந்த லைன் வீடு, அந்த வீட்டை நம்பித்தான் மூச்சிரைப்புக்கார அம்மா. ஒரு நாள்கூட வீடு காலி என்று காட்டக்கூடாது. அதனால் சுருக்கு வழியில் போனாள். அப்பா பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, ஜெர்சன் பதிவை எடுத்துவிட்டாள். அப்புறம் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் தீர்ந்தது, ஒரு நிமிஷ வேலை.

பெயரை மாற்ற மேனேஜரின் பாஸ்வேர்டு வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மேனேஜரோ மகன் நிச்சயதார்த்தத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தார். போன வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. "வந்து பண்ணிக்கலாம்மா. டேட்டாபேஸ் எங்க ஓடியா போகுது?" என்றார் போனில்.

இதுதான் சங்கதி. பெயர் அப்பாவுடையது, ஆள் ஜெர்சன். கழுதை விரல் வைக்காமல் போயிருப்பான். ஜூடித் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குடையை எடுத்தாள். படி இறங்கும்போது, கீழே ரோலர் ரூம் பக்கம் யாரோ பூட்ஸைக் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது. அட்டைப்பூச்சி உதிர்வதற்காகத் தட்டுவார்களே, அந்த மாதிரி. ஆறுக்குட்டி சித்தப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கு வந்தால் ஆறுக்குட்டி அங்கே அடுப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். அவர் காலில் ரப்பர் செருப்பு.

மறுநாள் காலையில் ஜெர்சன் மாடி ஏறி வந்தான்.

"ஏக்கா, உன் மெஷினுக்கு என்னையப் புடிக்கலியா? மூணு நாளா வெரல வெச்சா செவப்பு லைட்டு எரியுது. ஆறுக்குட்டி சித்தப்பா பாவம்னு உள்ள உடறாரு."

"மூணு நாளாவா?"

"ஆமா. நீ பேரை எடுத்தீல்ல, அன்னைலேர்ந்து."

அவன் விரலை மெஷின் எடுக்கவில்லையென்றால், நேற்று உள்ளே போனதாக விரல் வைத்தது யார் என்ற கேள்வி அவளுக்குள் எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றது. "மேனேஜர் வர்ற வரைக்கும் கேட்ல காட்ட ஒரு பாஸ் அடிச்சுத் தரேன், நில்லு" என்று கம்ப்யூட்டர் கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். அவன் உம்மென்று நின்றான். படம் எடுக்கிற நேரம் பார்த்து ஒரு கண்ணைப் பாதி மூடிவிட்டான்.

"கண்ண மூடிட்டடா. இன்னொண்ணு எடுக்கறேன்."

"போதும் போக்கா. இத என்ன ஃப்ரேம் போட்டா மாட்டப்போற?"

அவன் இறங்கிப் போனதும் அவள் அப்பாவின் பதிவைத் திறந்தாள். விரல் மெஷின் எஸ்டேட்டுக்கு வந்ததே அப்பா போன பிறகுதான். அவர் பதிவில் ரேகைக்கான கட்டம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு ரேகை இருந்தது. கீழ்ப்பாதிதான் கோடு கோடாக இருந்தது. மேல் பாதி இல்லை. நேராக வெட்டியது போல முடிந்து, அதற்கு மேல் வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது.

அப்பாவின் வலது ஆள்காட்டி விரலின் நுனியை, அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ரோலர் மெஷின் எடுத்துக்கொண்டது. அந்த மொட்டை விரலால்தான் அவர் அவளுக்குச் சிலுவை போட்டு நெற்றியில் எண்ணெய் வைப்பார்.

ஜூடித் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். கை ஈரமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமும் 'உள்ளே' ஒன்று என்றே காட்டியது. அதற்கு அடுத்த நாளும். யாரோ ஒருவர் உள்ளே போனவர் போனவர்தான், வெளியே வரவேயில்லை. கீழே மெஷின்கள் நின்ற பிறகு அவளால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. சொட்டுகிற தண்ணீருக்கு நடுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வாடிய இலை வாசனையோடு புகையிலை வாசனை கலந்து படி ஏறி வந்தது. அவள் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள். தாழ் போட்ட பிறகு, இந்தப் பக்கம் தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு இன்னும் மோசமாக இருந்தது. வீட்டுக்கும் போக முடியாமல், இருக்கவும் முடியாமல், நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தாள்.

அப்போதுதான் டிஸ்பென்சரியிலிருந்து வனிதா கூப்பிட்டாள். ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ளேயே, பின்கட்டில்தான் டிஸ்பென்சரி. வனிதா எமரால்டு என்கிற ஊரிலிருந்து புதிதாக வந்த நர்ஸ், இங்கே யாரையும் தெரியாது.

"ஜூடித்தக்கா, அப்பாவுக்கு இருமல் மருந்து குடுத்துருக்கேன். சுடுதண்ணில கலந்து குடுங்க. நெஞ்செல்லாம் சளி, தண்ணிக்குள்ள மூச்சு வுடற மாதிரி சத்தம் கேக்குது."

"யாருக்கு?"

"உங்க அப்பாவுக்குத்தான்க்கா. கம்பளி போத்திட்டு வந்தாரு, பாவம், சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தாரு. வெரல் வெச்சதும் பேரு, வயசு, பழைய இருமல், எழுதிக்குடுத்த மருந்து, அத்தனையும் ஸ்க்ரீன்ல வந்துருச்சு. எவ்ளோ வசதி பாருங்க. அவரு வாயே தொறக்க வேண்டியதில்ல."

"வனிதா, அவர்..." என்று ஆரம்பித்தாள் ஜூடித். செத்துப்போய்விட்டார் என்று சொன்னால், இப்போது வந்துபோனது யார் என்று அந்தப் பெண் கேட்பாள்.

"அவர் எந்தப் பக்கம் போனார்?"

"திரும்ப ஃபேக்டரிக்குள்ளதான்க்கா. வேல இன்னும் முடியல போல."

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது ஜெர்சன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் செத்திருந்தது.

"கணேசன் மேஸ்திரி என்னையப் பாத்து, 'யாருங்க தம்பி, யாரப் பாக்கோணும்'னு கேக்கறாருக்கா. நான் வெளையாடறார்னு நெனச்சேன். அவரு வெளையாடல." சிரித்துவிட முயற்சி பண்ணினான். "கேன்டீன்ல டீ குடுக்கல. என் லாக்கர்ல வேற ஆளோட கம்பளி தொங்குது, ஈரமா. எல்லாத்தையும் உட்டுத்தள்ளு. ஆறுக்குட்டி சித்தப்பா என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. அவரு மடியில வளந்தவன் நானு."

ஜூடித் அவன் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. தான் செய்த காரியம் என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

உள்ளே அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பிரிஸில்லா அம்மாவுக்கு அன்றைக்கு மூச்சிரைப்பே இல்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரியிருந்தாள். பரணிலிருந்து அப்பாவின் பெரிய எவர்சில்வர் தட்டு இறங்கியிருந்தது. புளி போட்டுத் தேய்த்து மினுமினுவென்று வைத்திருந்தாள். தரையில் தட்டுகள் மூன்று. ஜூடித்துக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அந்தப் பெரிய தட்டு.

"எனக்கும்மா?" என்றான் ஜெர்சன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"இருங்க தம்பி, இதோ போடறேன். ஊட்டுக்காரர் வேல முடிஞ்சு வர்ற நேரந்தான்."

பெற்ற மகனை 'ங்க' போட்டுப் பேசினாள். ஜெர்சன் நின்றபடியே அழுதான். அந்தச் சத்தத்துக்கு அம்மா கண்ணைச் சிமிட்டினாள், "என்னடா சாமி, ஏண்டா அழுகற" என்று பதறி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் பெரிய தட்டை அவள் எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து நேராக ஃபேக்டரிக்குப் போய்விடுவது என்று ஜூடித் முடிவு பண்ணினாள். பழைய நகல் இருக்கிறது. தான் கை வைப்பதற்கு முந்தின நாள் நகலில் ஜெர்சன் இருப்பான். அவனை அதிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும். வீடு போனால் போகட்டும், ரோட்டில் நின்றாலும் மூன்று பேராக நிற்கலாம்.

"நீ ஊட்ட உட்டு நகராத" என்று தம்பியிடம் சொன்னாள். "யாரு கதவத் தட்டினாலும் தொறக்காத. நான் வந்து உன் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன், அப்பத் தொற."

"மறந்துர மாட்டீல்ல?" என்றான் அவன்.

ஃபேக்டரிக்குள் கால் வைத்தபோது நடுப்பகல்தான். ஆனால் பனி கட்டடத்துக்குள்ளேயே புகுந்து ரோலர்களுக்கு மேல் தொங்கியது. ஆறுக்குட்டி சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். "தேவநேசண்ணன் உள்ளதான் இருக்காப்ல, அம்மிணி. தொணைக்கு ஆள் இருக்கு, பயப்படாதீங்க." சாதாரணமாகச் சொன்னார். போன மாசம்வரை அதே வாயால், உங்கப்பனைத் தூக்கின நாலு பேரில் நானும் ஒருத்தன் என்று சொல்லிக் கண் கலங்கிய மனுஷன்.

அவள் படியில் ஓடினாள். தாழ் போட்டாள். நகலைத் தேடித் திறந்தாள்.

இருந்தான். ஜெர்சன், ரோலர் பிரிவு. முழு ரேகையோடு இருந்தான். அவளுக்கு அழுகை வந்தது. 'மீட்டெடு' என்பதை அழுத்தினாள். அது யோசித்தது. பிறகு அதே பழைய கேள்வி. இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், யாரை வைத்துக்கொள்வது? இந்தத் தடவை அவள் சரியாகச் செய்தாள். ஜெர்சனை வை. தேவநேசனை எடு. வீடு போகும் என்று சிவப்பில் எச்சரித்தது. போகட்டும். அழுத்தினாள்.

திரை அசையவில்லை. ஒரு வரி வந்தது.

'இந்தப் பதிவை இப்போது வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரை காத்திருக்கவும்.'

டேட்டாபேஸின் வழக்கம்தான் அது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பதிவில் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று, ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவரை நிறுத்தி வைக்கும். அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை. மேனேஜர் கோயமுத்தூரில். டிஸ்பென்சரி பூட்டு. வேறொருவர் என்று இருப்பதற்கு இந்த எஸ்டேட்டில் இன்றைக்கு யாரும் இல்லை.

மறுபடி அழுத்தினாள். காத்திருக்கவும். மறுபடி. காத்திருக்கவும்.

கீழே பூட்ஸ் சத்தம் கேட்டது. ரோலர் ரூமிலிருந்து கிளம்பி, எடைக் கொட்டகையைக் கடந்து, நேர் கீழே வந்தது. அவசரமில்லாத நடை. படிப் பக்கம் நின்றது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். தொண்டைச் செருமல். பிறகு சத்தம் தள்ளிப் போயிற்று. கேட்டு மெஷின் பக்கம்.

மெஷின் 'பீப்' என்றது. அதற்குள் பதிந்து வைத்த பெண் குரல், காலி ஃபேக்டரி முழுக்கக் கேட்கும்படி, நன்றி என்றது.

திரையில் பச்சைக் கட்டம் மாறியது. உள்ளே: பூஜ்யம்.

இத்தனை நாள் வெளியே வராத ஆள் வேலையை முடித்துவிட்டு வெளியே போய்விட்டார். வேலை முடிந்த மனுஷன் எங்கே போவார். ஊட்டுக்குத்தான்.

பதிவின் மேலிருந்த பூட்டு விலகியது. அவள் கேட்டது எதுவும் நடக்கவில்லை. மீட்டெடுத்ததாகக் காட்டவில்லை. அப்பாவின் பதிவுதான் முழுசாக விரிந்து நின்றது. மனைவி, பிரிஸில்லா. மகள், ஜூடித். மகன், ஜெர்சன். அந்தப் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல். காலமானார்.

நகலை மறுபடி திறந்தாள். அதிலும் காலமானார்.

ஜெர்சனுக்குப் போன் பண்ணினாள். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை.

ஓடினாள். குடை இல்லை. சர்ச்சுக்குக் கட்டிய சேலை காலைத் தடுக்கியது. தேயிலைச் செடிக்கு நடுவில் போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு கை தூரத்துக்கு மேல் தெரியவில்லை. சேற்றில் பூட்ஸ் தடம். புதுசு. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் போகிறது. அவளுடைய வீட்டுக்குப் போகிறது. ஜெர்சா என்று கத்தினாள். பனி அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. இன்னொரு தடவை கத்தப் போனாள். வாய் திறந்தது. பெயர் வரச் சற்று நேரம் பிடித்தது. ஜெர்சன். ஜெர்சன். அதையே விடாமல் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

முன்னால், லைன் வீட்டுப் பக்கம், கல்லுப்படியில் யாரோ பூட்ஸைத் தட்டினார்கள். டப். டப். பிறகு செருமல். கதவு திறக்கிற சத்தம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. படியில் ஒரு ஜோடி பூட்ஸ். ஒரு அட்டை, ரத்தம் குடிக்காமல் ஒல்லியாக, அதன் மேல் நெளிந்துகொண்டிருந்தது. உள்ளே சோறு வாசனை. புகையிலை வாசனை. ஓடைத் தண்ணீரின் பாசி வாசனை.

அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். பெரிய தட்டுக்கு முன்னால், வாசலுக்கு முதுகு காட்டி, கம்பளி போர்த்திய ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பளியிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் ஓடி அம்மாவின் கால் வரைக்கும் போயிருந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. சோற்றைப் பிசைகிற கையில் ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றது.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா, வாயெல்லாம் சிரிப்பாக. "அப்பா உனக்காகத்தான் மெதுவா சாப்புட்டுட்டு இருக்காரு. உக்காரு."

"அம்மா, தம்பி எங்க?"

அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் வாடியது. ஆறிப்போன பழைய துக்கத்துக்கு வாடுகிற வாட்டம்தான். "இன்னைக்குப் போயி அத எதுக்குக் கேக்கற. சாமிகிட்டப் போன புள்ள" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். "வர்ற வழியில தம்பிக்குப் பூ வாங்கிட்டு வரலியா?"

ஜூடித் சுவரைப் பார்த்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில், அப்பாவின் படம் தொங்கிய ஆணியில், வேறு படம் தொங்கியது. மேலே சின்னச் சிவப்பு பல்பு. சட்டத்தை வண்டு அரித்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் பல வருஷத்து அடுப்புப் புகையில் மஞ்சளித்து, ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. உம்மென்று ஒரு பையன். ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவனுக்குப் பின்னால் ஆபீஸ் ரூம் ஜன்னல், ஜன்னலில் பனி.

சாப்பிடுகிறவர் திரும்பாமலே இடது கையால் பக்கத்தில் தரையைத் தட்டினார், வந்து உட்கார் என்பது போல.

ஜூடித் உட்காரவில்லை. முந்தானையை எடுத்தாள். எட்டி, படத்தின் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தாள். காய்ந்த பூவை நூலோடு கழற்றினாள். தினமும் சாயங்காலம் செய்கிற காரியத்தை அவள் கை தானாகச் செய்தது. பாதி மூடிய அந்தக் கண்ணைப் பார்த்தபடியே நின்றாள். இந்தப் படத்தை எடுத்தது யார், எங்கே வைத்து எடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாள்.